படிவம் கேட்காத கேள்வி

ஒருவர் இறந்தால் பதிவாளரிடம் கொடுக்க வேண்டிய இறப்பு அறிக்கைப் படிவம் நிறையக் கேட்கும். வயது, பாலினம், மதம், தொழில், கடைசி நேரத்தில் என்ன வைத்தியம் கிடைத்தது என்பதோடு அது நிற்பதில்லை. புகைப்பழக்கம் உண்டா, எத்தனை ஆண்டுகளாக, புகையிலை மென்றாரா, பாக்குப் போட்டாரா, குடித்தாரா என்றெல்லாம் கேட்கும். சாதியை மட்டும் கேட்காது. ஆகவே திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடியிலோ கோட்டூர் ஒன்றியத்திலோ இறந்தவர்களில் பாக்குப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது. தலித் மக்களின் காலனியில் இருப்பவர்கள் எந்த வயதில் சாகிறார்கள், மேலத்தெருவில் இருப்பவர்கள் எந்த வயதில் சாகிறார்கள் என்று கணக்கெடுக்க விரும்புகிறவருக்கு அந்தப் படிவத்தில் வழி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி திருவாரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். மாநிலத்தில் இந்த விகிதம் 20 மட்டுமே. மாவட்டங்களில் திருவாரூரே முதலிடம். மூன்றில் ஒரு பங்கு மக்களின் ஆயுள் மற்றவர்களுடையதோடு ஒத்திருக்கிறதா என்ற கேள்விக்கு, நல்ல சுகாதாரத் துறை என்று நாடே மெச்சும் ஒரு மாநிலம் பதில் வைத்திருக்க வேண்டும். பதில் இல்லாததால் அந்தக் கேள்வியின் பின்னால் வாழ்நாளைச் செலவிடும் மருத்துவர்களும் உருவாகவில்லை என்பது என் வாதம்.

தமிழ்நாட்டில் ஒதுக்கப்பட்ட மக்களின் உடல்நலத்துக்கென்றே வாழ்நாளைக் கொடுத்த மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் போனார்கள். குடிசையில் ஆரம்பித்த மருத்துவமனை இன்று மலைவாழ் மக்களின் சொந்த நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. கூடலூரில் 1980களின் பிற்பகுதியில் தேவதாசன், ரூபா தேவதாசன் என்ற மருத்துவத் தம்பதியர் ஆதிவாசி ஊர்களில் தொடங்கிய சுகாதார வேலை அஸ்வினி மருத்துவமனையாக ஆயிற்று. அங்கே செவிலியராக இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்களின் பெண்களே. இந்தப் பெயர்களைச் சொன்னவுடன் ஒன்று உறைக்கிறது. எளிதில் நினைவுக்கு வருகிறவர்கள் எல்லாம் மலைப்பக்கம் போனவர்கள். சமவெளிச் சேரிக்காக அப்படி வாழ்ந்தவர் என்று ஊரறிந்த ஒரு மருத்துவரைச் சொல்லத் தடுமாற வேண்டியிருக்கிறது. மனிதர்களின் நல்லெண்ணம் மலையில் கூடுதலாகவும் வயலில் குறைவாகவும் இருக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். மலையில் இல்லாதது வரைபடத்தில் தெரிகிறது, அதுதான் காரணம். சாலை இல்லை, ஆஸ்பத்திரி இத்தனை கிலோமீட்டர், பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வர வேண்டும் என்று அங்கே குறையைத் தூரத்தால் அளந்து காட்ட முடியும். மன்னார்குடிப் பக்கத்துக் காலனியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தே போகலாம். மன்னார்குடி அரசு மருத்துவமனைக்குப் பேருந்து உண்டு. 1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் 2010இல் தொடங்கிய திருவாரூர் மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு இங்கே குறையே இல்லை. அரசும் அந்த வரைபடத்தைத்தான் பார்க்கிறது: மலை, தொலைதூரம், கடினப் பகுதி என்று வகைப்படுத்திய இடங்களில் வேலை பார்க்கும் அரசு மருத்துவருக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் உண்டு. காலனிக்குள் இறங்கி வேலை பார்ப்பதற்கு அப்படி ஒரு வகைப்பாடு கிடையாது.

ஆனால் இந்தக் காவிரி டெல்டாவின் வரலாற்றை உடலின் வரலாறாகப் படித்தால் வேறொன்று தெரியும். 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டு விருந்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத் தாழ்த்தப்பட்டவர்களைப் பிடித்து அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் புகட்டினார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் அந்த ஒரு நாளோடு முடிந்தவை அல்ல. பண்ணையில் வேலைக்குத் தாமதமாக வந்தவனுக்கும் எதிர்த்துப் பேசியவனுக்கும் கொடுத்த வாடிக்கையான தண்டனை. சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதை இழிவு என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது குடலுக்குள் போன நோய், முதுகில் ஆறாத புண், மறுநாள் அதே புண்ணோடு சேற்றில் இறங்கிய நடவு. 1940களில் பி. சீனிவாசராவும் களப்பால் குப்புவும் கட்டிய விவசாயிகள் சங்கம் முதலில் கேட்டவற்றில் இந்த இரண்டையும் நிறுத்துவது ஒன்று. அந்தப் பத்தாண்டின் நடுவில் மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதார்கள் ஒத்துக்கொண்டவற்றில் அதுவும் இடம்பெற்றது. அந்தப் பேச்சில் மருத்துவர் ஒருவர்கூட உட்கார்ந்திருக்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் கீழத்தஞ்சையில் உழைப்பவர் உடம்பைக் காப்பாற்றிய முதல் சுகாதார ஒப்பந்தம் என்று அதைத்தான் சொல்வேன். பிறகு வந்த சண்டையும் உடம்பைப் பற்றியதே. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்ததற்குப் பின்னால் இருந்தது கூலி நெல்லில் அரைப்படி உயர்வு. அரைப்படி நெல்லைக் குத்தினால் ஒரு குழந்தையின் ஒரு நாள் சோறு. ஊட்டச்சத்துக் குறைவு என்று இன்று எடைப் பலகையில் வைத்துப் பார்ப்பதை அன்று மரக்காலில் அளந்தார்கள். 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1969இன் நியாயக் கூலிச் சட்டம், 1971இன் குடியிருப்பு மனைச் சட்டம் மூன்றும் இந்த மண்ணில் மருந்துக்கு முன்னால் வந்த வைத்தியம்.

இதே பாடத்தை இன்னொரு டெல்டாவில் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே கற்றார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் பருத்தி நிலத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1887இல் நிறுவிய மவுண்ட் பாயு என்ற சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் பருத்திப் பண்ணைகள். களைக்கொல்லியும் அறுவடை எந்திரமும் வந்ததும் குத்தகை உழவர்களும் கூலிகளும் வேலையிழந்து பட்டினியில் இருந்தார்கள். 1960களின் நடுவில் அங்கே ஒரு சுகாதார மையம் அமைக்கப் போனவர் ஜாக் கெய்கர் என்ற வெள்ளையர். மருத்துவ மாணவராகத் தென்னாப்பிரிக்கா போய், ஸுலு மக்களிடையே பொலேலாவில் சிட்னி கார்க்கும் எமிலி கார்க்கும் 1940இலிருந்து நடத்திய சமூக மருத்துவத்தைப் பார்த்துக் கற்றவர். அவரோடு கறுப்பினத்தவரான ஜான் ஹாட்ச் ஊர் ஊராகப் போய் மக்களைச் சங்கமாகச் சேர்த்தார். குழந்தைகள் வயிற்றுப்போக்கோடும் எலும்பும் தோலுமாகவும் வந்தபோது அங்கிருந்த மருத்துவர்கள் மருந்துச்சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதினார்கள். கடைக்காரர் கொடுத்துவிட்டுச் செலவை மருந்தகக் கணக்கில் வாங்கிக்கொள்வார். மருந்துக்கான பணத்தில் சாப்பாடா என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. ஊட்டக்குறைவுக்குப் பாடநூலில் சொல்லியுள்ள மருந்து உணவுதான் என்பது கெய்கரின் பதில். கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், கூட்டுறவுப் பண்ணை அமைத்துப் பருத்தி விளைந்த மண்ணில் காய்கறி போட்டார்கள். கெய்கரைப் பற்றித்தான் உலகம் அதிகம் எழுதியிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது எல். சி. டார்ஸியின் வாழ்க்கை. பண்ணை ஒன்றில் குத்தகைக் கூலிகளின் மகளாகப் பிறந்து, பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, சுகாதார மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, கூட்டுறவுப் பண்ணையை நடத்தி, பின்னர் சமூகப் பணியில் முனைவர் பட்டம் பெற்று, 1980களின் இறுதியில் அதே மையத்துக்கு இயக்குநராகத் திரும்பி வந்தவர். கறுப்பின மக்களின் சுகாதார சமத்துவத்துக்கு ஒரு வாழ்நாள் என்பதன் முழுப் பொருள் அவரிடம் இருக்கிறது: நோயாளியாக இருந்திருக்க வேண்டிய பெண் நிறுவனத்தை நடத்துகிறாள்.

அந்த நாட்டில் இப்படிப்பட்ட வாழ்நாட்களுக்கு இடம் கிடைத்ததில் எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க மரணப் பதிவில் இனம் என்ற கட்டம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நல்ல நோக்கத்தில் வைத்ததல்ல அது. 1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற காப்பீட்டுப் புள்ளியியலாளர் அந்த எண்களை எடுத்துக்கொண்டு, கறுப்பர்கள் இனத்தாலேயே நோஞ்சான்கள், அவர்கள் அழிவது இயற்கை என்று ஒரு புத்தகம் எழுதினார். அவருக்குப் பதில் சொன்னவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். 1899இல் ஃபிலடெல்ஃபியா நகரத்துக் கறுப்பர்களைப் பற்றிய ஆய்விலும், 1906இல் அட்லாண்டாவிலிருந்து வெளியிட்ட உடல்நல ஆய்விலும் அதே வகை எண்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி, ஈர வீடும் கெட்ட தண்ணீரும் குறைந்த கூலியும் இருக்கும் இடத்தில் யார் இருந்தாலும் சாவார்கள் என்று காட்டினார். 1985இல் அமெரிக்க சுகாதாரத் துறையே ஓர் அறிக்கை வெளியிட்டது. வெள்ளையரின் இறப்பு விகிதம் கறுப்பர்களுக்கும் இருந்திருந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 கறுப்பர்கள் செத்திருக்க மாட்டார்கள் என்றது. அடுத்த ஆண்டே அதற்கென ஓர் அலுவலகம் உருவானது. பல்கலைக்கழகத் துறைகள், ஆய்வுப் பணம், வேலை, ஓய்வூதியம் எல்லாம் அதன் பின்னால் வந்தன. ஒரு துறையில் ஆயுளைக் கழிக்க ஆர்வம் மட்டும் போதாது. மாதச் சம்பளமும் பதவிப் பெயரும் வேண்டும். எண் அதைக் கொடுத்தது. அங்கே இன்னும் சமத்துவம் வந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனால் வரவில்லை என்று அவர்களால் ஆண்டுதோறும் சொல்ல முடிகிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்பது வட, கிழக்கு மாநிலங்களில் 2010–11இல் எடுத்த ஆண்டு சுகாதாரக் கணக்கெடுப்பை வைத்து சங்கீதா வியாஸும் உடனாய்வாளர்களும் 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு 3 ஆண்டுக்கு மேலும், ஆதிவாசிகளுடையது 4 ஆண்டுக்கு மேலும், முஸ்லிம்களுடையது சுமார் ஓர் ஆண்டும் குறைவு. வசதி வித்தியாசத்தால் விளக்க முடிந்தது இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவு. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. நம்முடைய எண்கள் வேறு வகை: 2018–20இல் லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய்மார் இறப்பு நாட்டில் 97, தமிழ்நாட்டில் 54, 2020இல் ஆயிரம் குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் இறப்பு நாட்டில் 28, இங்கே 13. கிராம சுகாதார செவிலியர்களும், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும், மருந்து வாங்கி விநியோகிக்கும் அரசு நிறுவனமும், ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்யும் வழக்கமும் சேர்ந்து உழைத்துக் கொண்டுவந்த எண்கள் இவை. இவற்றை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இவற்றை வெளியிடும் மாதிரிப் பதிவு முறை கிராமம் என்றும் நகரம் என்றும், ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்கிறதே ஒழிய சாதி வாரியாகப் பிரித்துத் தருவதில்லை. கர்ப்பிணிப் பதிவேட்டில் பட்டியல் சாதியா என்று ஒரு கட்டம் உண்டு. உதவித்தொகைக்காகச் செவிலியர் அதை நிரப்புகிறார். நிரப்பியது ஒன்றியவாரியாக எண்ணாகத் திரண்டு மக்கள் முன் வருவதில்லை. சராசரி 300ஆக இருந்த காலத்தில் எல்லோரும் செத்துக்கொண்டிருந்தார்கள், யார் என்று கேட்காவிட்டாலும் வேலை நடந்தது. சராசரி 54க்கு இறங்கிய பிறகு, மிச்சமிருக்கும் சாவுகள் எந்தத் தெருவில் தேங்கி நிற்கின்றன என்று தெரியாமல் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது.

இதெல்லாம் ஏழ்மைதான், இதில் சாதியை ஏன் இழுக்க வேண்டும் என்பது முதல் மறுப்பு. டெல்டாவில் இது தவறாமல் கேட்கும், ஏனென்றால் இங்கே நிலமில்லாதவன் யார் என்பதும் சாதியில் கீழே வைக்கப்பட்டவன் யார் என்பதும் நெடுங்காலம் ஒரே பட்டியலாக இருந்தன. பட்டியல் ஒன்றாக இருந்தது என்பதற்காகக் காரணமும் ஒன்றாகிவிடாது. ஒரே வருமானம் உள்ள இருவரில் ஒருவருடைய தெரு வடிகாலின் கடைசியில் இருக்கிறது, குடிநீர்க் குழாய் அவர் தெருவுக்குக் கடைசியாக வருகிறது, வெள்ளத்தில் அவர் வாசல்தான் முதலில் மூழ்குகிறது. இது கூலியால் வந்ததல்ல, மனை எங்கே ஒதுக்கப்பட்டது என்பதால் வந்தது. குஜராத், ராஜஸ்தான் ஊர்களில் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டியது: தலித் குழந்தைகளுக்கு மருந்து கிடைத்தது, ஆனால் தொடாமல் கிடைத்தது, சீக்கிரமாக அனுப்பிவிடும் பேச்சோடு கிடைத்தது. அங்கே மருந்து வாங்கியவர் எண்ணிக்கையில் அந்தக் குழந்தையும் சேர்ந்திருக்கும். அரசு ஆஸ்பத்திரிக்கு அதிகம் வருகிறவர்களே தலித்துகள்தானே என்று சொல்கிறவர்களுக்கும் இதுவே பதில். வந்தது வேறு, தொட்டுப் பார்க்கப்பட்டது வேறு, பிழைத்தது வேறு.

அவர்கள் குடிக்கிறார்கள், அதனால் சாகிறார்கள் என்று பச்சையாகச் சொல்கிறவர்களும் உண்டு. படிவம் குடியைக் கேட்பதும் நிலத்தைக் கேட்காததும் இந்தப் பேச்சுக்கு வசதியாகிவிடுகிறது. குடி கெடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கு நோயாளியின் பழக்கத்தை மட்டும் காரணமாக்குவதைத்தான் ஹாஃப்மன் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்தார். சித்திரை, வைகாசி வெயிலில் நாளெல்லாம் குனிந்து உழைக்கும் சிறுநீரகத்தையும், வரப்பில் பாம்பு கடித்த காலையும், எலிக்காய்ச்சல் தொற்றும் சேற்றுப் புண்ணையும் அந்தப் பேச்சு எட்டிப் பார்ப்பதில்லை.

உண்மையில் கனமான மறுப்பு ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் சாதியைக் கேட்பதே ஓர் அவமானம். எழுதி வைத்தால் அதைக் கொண்டே ஒதுக்குவார்கள். சாதியை ஒழிக்க வேண்டியவர்கள் அதைப் படிவத்தில் ஏற்றலாமா? இதைச் சொல்கிறவர்களில் தலித்துகள் பலர், அவர்களுடைய அச்சம் அனுபவத்தில் விளைந்தது. நான் இதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். படுக்கையருகே வைத்துச் சாதியைக் கேட்பது கூடாது என்பதில் எனக்கும் உறுதி உண்டு. ஆனால் கேட்கும் இடமும் பார்க்கும் ஆளும் நம் முடிவில் இருப்பவை. பிரசவத்துக்கு வந்த பெண்ணின் சீட்டில் அது தெரிய வேண்டியதில்லை. இறப்புக்குப் பின் நிரப்பும் அறிக்கையில் உறவினர் விருப்பத்தோடு இருந்தால் போதும். பெயர் நீக்கி ஒன்றிய அளவில் கூட்டினால் போதும். சாதியைக் கேட்காத இடத்தில் சாதி இல்லாமல் போய்விடவில்லை என்பதற்கு வேங்கைவயல் சாட்சி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து அந்தச் சிற்றூரில் தலித் குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். மருத்துவமனையில் குடிநீரைச் சந்தேகித்தார்கள். தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மனித மலம் கிடந்தது. யார் செய்தது என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பாமல், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று ஒரு மருத்துவர் கேட்டதால்தான் அது வெளியே வந்தது. தனி ஒரு குழந்தையின் நோயிலிருந்து தெருவின் நோய்க்கு நகரும் அந்தக் கேள்வியை ஒவ்வொரு மருத்துவரின் அக்கறையையும் தற்செயலையும் நம்பி விட்டுவிட முடியாது. பதிவேடு அதைத் தானாகக் கேட்க வேண்டும். ஹாஃப்மனின் கையில் எண் ஆயுதமானது உண்மை. ஆனால் எண்ணே இல்லாதிருந்தால் டு பாய்ஸுக்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது, ஹாஃப்மனின் எண்ணம் மட்டும் ஊரில் உலவியிருக்கும்.

எண் யாருடையது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஹாட்ச் மிசிசிப்பியில் ஊர்தோறும் சுகாதாரச் சங்கம் அமைத்தது மையத்துக்கு ஆள் பிடிப்பதற்காக அல்ல. எது முதலில் வேண்டும், கிணறா பேருந்தா, என்று அந்தச் சங்கம் சொல்லும், மையம் கேட்கும். டெல்டாவுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மரக்காலில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து நெல்லை வாங்கக் கற்றுக்கொண்டதே இங்குள்ள விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் முதல் பாடம். அளவை மிராசுதாரின் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்று போராடியவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் தெருவின் மரணக் கணக்கையும் தாங்களே வாசித்துச் சரிபார்க்கத் தகுதி உள்ளவர்கள். கிராம சபையில் சாலைக்கும் விளக்குக்கும் கணக்குக் கேட்கும்போது இதையும் கேட்கலாம்.

இந்த வேலையை எடுத்துக்கொள்ள ஆள் இன்று இருக்கிறார்கள் என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. இடஒதுக்கீட்டாலும், 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டாலும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அங்கே போனதும் ஊர் பெயரைச் சொல்லவே தயங்க நேர்கிறது. எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது அவர்களுக்குச் சுமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. டார்ஸிக்கு மவுண்ட் பாயுவில் அது தகுதியாக இருந்தது. சமூக மருத்துவம் என்பது இடம் கிடைக்காதவர் எடுக்கும் மேற்படிப்பு என்ற எண்ணம் மாற வேண்டுமானால், அந்தத் துறைக்கு உயிரோட்டமுள்ள கேள்வி ஒன்றைக் கொடுக்க வேண்டும். திருவாரூர் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை மன்னார்குடி, கோட்டூர், நீடாமங்கலம் ஒன்றியங்களை எடுத்துக்கொண்டு, ஐந்து ஆண்டு இறப்புப் பதிவுகளைத் தெருவாரியாக மீண்டும் விசாரிக்கலாம்: இறந்தவர் எந்தத் தெரு, என்ன வயது, என்ன காரணம், எத்தனை மணி நேரம் கழித்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், அங்கே யார் பார்த்தார். வீடு வீடாகப் போய் உறவினரிடம் கேட்டு இறப்புக் காரணத்தை அறியும் முறை இந்தியாவில் பல இடங்களில் பழகிய முறைதான். காலனியிலிருந்து வந்த இளம் மருத்துவர்களுக்கு அந்த வேலையில் ஊக்க மதிப்பெண்ணும் நிரந்தரப் பதவியும் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர், மருத்துவக் கல்லூரி முதல்வர், விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் பிரதிநிதிகள் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஆரம்பிக்கக்கூடிய வேலை இது. அப்படி மூன்று தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்த ஊர்தான் மன்னார்குடி.